பால் காய்ச்சிய வீடு

அத்தியாயம் 14

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. தாரணி வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது குட்டியானை வண்டி ஒன்று தெருமுனையில் திரும்பியது. முன் சீட்டில் இருப்பது யார் என்று எட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.

வியாழக்கிழமையே போன் வந்துவிட்டது. "ஞாயித்துக்கெழம சாமானோட வர்றம் அண்ணி. அண்ணங்கிட்டச் சொல்லிப்போடுங்க" என்றான் அவள் கொழுந்தன் பழனிமுத்து. பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டான்.

தாரணி புருஷனிடம் சொல்லவில்லை. சொல்லி மட்டும் என்ன ஆகிவிடப்போகிறது என்று ஒரு எண்ணம். சொல்லாமல் இருந்தால் வராமலே போய்விடுவார்களோ என்று ஒரு அசட்டு நம்பிக்கை. அந்த நம்பிக்கையிலேயே மூன்று நாள் சோறாக்கி, துணி துவைத்து ஓட்டிவிட்டாள்.

இப்போது வண்டி அவள் தெளித்த ஈரத்தின் மேலேயே ஏறி நின்றது.

அண்ணன் தம்பி இருவரும் கோபிநத்தத்திலிருந்து மைசூருக்குப் பிழைக்க வந்தவர்கள். நஞ்சன்கூடு ரோட்டில் இருபதுக்கு முப்பது அடியில் சைட் என்கிற மனை ஒன்றை இரண்டு பேர் பெயரிலும் வாங்கி, ஒன்பது வருஷம் தங்கள் கையாலேயே வீடு கட்டினார்கள். அண்ணன் செந்தில்நாதன் டைல்ஸ் மேஸ்திரி. பகலெல்லாம் குவெம்புநகரிலும் விஜயநகரிலும் ஊரார் வீட்டுக்கு வேலை செய்துவிட்டு, சாயங்காலம் வந்து தன் சைட்டில் கல் வைப்பான். நஞ்சன்கூட்டில் ஃபேக்டரி வேலை பார்க்கும் பழனிமுத்து ஞாயிறு தவறாமல் பஸ் ஏறி வந்து கல் சுமந்தான், கலவை குழைத்தான். கீழ்வீடு அண்ணனுக்கு, மேல்வீடு தம்பிக்கு. இரண்டும் முடிந்த பிறகு ஒரே நாளில், ஒரே பாத்திரத்தில் பால் காய்ச்சிக் குடிபோவது என்று பேச்சு.

அந்தப் பேச்சை மீறியவள் தாரணி.

காரணம் இல்லாமல் மீறவில்லை. சைட்டின் பின்மூலையில் தகர ஷெட் போட்டு ஆறு வருஷம் குடியிருந்தவள் அவள். மகள் சுசித்ரா ஒண்ணாங்கிளாஸ் முதல் ஏழாங்கிளாஸ் வரை வீட்டுப்பாடம் எழுதியது அந்த ஷெட்டில், மழை பெய்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு நின்றபடி. கீழ்வீட்டுக்கு மோல்டு விழுந்து கான்கிரீட் கூரை வந்து, வாசக்கதவும் மாட்டியதும் தாரணிக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. ஆடி பிறப்பதற்கு முன்னால் நாள் குறித்தாள். தேவராஜ மார்க்கெட்டில் கூடை கூடையாகப் பூ வாங்கினாள். பால் பொங்கியபோது எல்லாரும் கை தட்டினார்கள்.

அன்றோடு சரி. பதினாலு மாசமாக செந்தில்நாதன் தன் வீட்டில் ஒரு கல் வைக்கவில்லை.

ஹாலில் டைல்ஸ் முக்கால் தூரம் வந்து நிற்கிறது. மாடிப்படிக்குக் கைப்பிடி கிடையாது. பாத்ரூமுக்குக் கதவுக்குப் பதில் பழைய போர்வை. மேல்வீட்டில் இடுப்பளவு சுவரும், மூலைக்கு மூலை துருப்பிடித்த கம்பியும்தான். ஊரார் வீட்டில் ஒரு நூல் பிசகாமல் டைல்ஸ் ஒட்டிவிட்டு வருகிறவன், சாயங்காலம் தன் வீட்டு வயர் நாற்காலியில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பான். தாரணி கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், இரண்டு நாள் சோறு வைக்காமலும் பார்த்தாள். நாற்காலியின் வயர்தான் தொய்ந்தது.

வண்டியிலிருந்து முதலில் இறங்கியவள் பழனிமுத்துவின் மனைவி அனுப்ரியா. நஞ்சன்கூட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் கையில் ஒரு பித்தளைப் பாத்திரம். புத்தம் புதுசு, விலைச் சீட்டுக்கூடக் கிழிக்கவில்லை. கல்யாணமான வருஷம் இரண்டு வீட்டுப் பால் காய்ச்சலுக்குமென்று அவள் வாங்கியது அது என்று தாரணிக்குத் தெரியும். தெரிந்ததனாலேயே அதைப் பார்க்காத மாதிரி நின்றாள்.

"அக்கா, ஸ்வல்ப தள்ளிக்கோங்க. ஃப்ரிட்ஜ் இறக்கணும்."

"எங்க இறக்கறது?"

"வீட்டுக்குள்ளதான். வீடுன்னு ஒண்ணு இருக்குதல்ல."

உள்ளே வயர் நாற்காலியிலிருந்து செந்தில்நாதனின் குரல் வந்தது. "யாரு, முத்துவா? வா வா. காப்பி குடி." ஒன்றுமே நடக்காத மாதிரி, தம்பி ஞாயிற்றுக்கிழமை சும்மா பார்க்க வந்திருக்கிற மாதிரி.

பழனிமுத்து செருப்பைக் கழற்றாமலே உள்ளே போனான். "காப்பி குடிக்க வரலீங்கண்ணா. மேல மோல்டு எப்பப் போடறதா இருக்கறீங்க?"

"போடலாம்."

"எப்ப?"

"போடலாம்டா. மழை நிக்கட்டும்."

"போன வருசமும் மழைதான் சொன்னே."

சொன்னீங்க என்று வர வேண்டிய இடம். நாற்பத்தைந்து வயசு அண்ணனைப் பத்துப் பேர் பார்க்க வாய் நிறைய 'ங்க' போட்டுப் பேசுகிறவன் பழனிமுத்து. அந்த 'ங்க' விழுந்த சத்தம் தாரணிக்கு மட்டும்தான் கேட்டது போலிருக்கிறது. செந்தில்நாதன் காப்பித் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாடகை வீட்டுச் சாவிய நேத்தே ஓனருகிட்டக் குடுத்தாச்சு" என்றான் பழனிமுத்து. "அவிய வீட்ட இடிக்கறாங்க. மேல இல்லீன்னா எங்களுக்குக் கீழ பாதி. சைட்டு ரெண்டு பேரு பேர்லயும் இருக்குது. கல்லு கொண்டாந்திருக்கறன். நடு ஹால்ல ஒரு சுவரு வெச்சிக்கறன்."

அப்போதுதான் தாரணி வண்டியைச் சரியாகப் பார்த்தாள். கட்டிலுக்கும் பீரோவுக்கும் அடியில் சிமென்ட் கல் அடுக்கியிருந்தது. அறுபது இருக்கும். பக்கத்தில் இரண்டு மூட்டை சிமென்ட்.

அவள் ஆறு வருஷம் தகரத்துக்குக் கீழே கிடந்து வாங்கிய ஹால் அது. டி.வி. வைக்க ஒரு மூலை, சுசித்ரா படிக்க ஒரு மேஜை, வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்ச் என்று ஒவ்வொன்றாக மனசிலேயே வைத்து வைத்துப் பார்த்த ஹால்.

பழனிமுத்து பாக்கெட்டிலிருந்து நூலை எடுத்தான். வாசக்கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி, எதிர்ச்சுவரில் ஒரு ஆணி. நூல் ஹாலைக் குறுக்கே கடந்தது. "சமையக்கட்டு உங்க பக்கம். பாத்ரூம் எங்க பக்கம். வாசக்கதவு பொது."

"அப்ப நாங்க பாத்ரூமுக்கு எப்படிப் போறது?" என்றாள் தாரணி.

"எங்க வழியா வாங்க அக்கா" என்றாள் அனுப்ரியா. "தட்டிட்டு வாங்க. பாவா கதவு போட்டிருந்தா தட்டறக்கு நல்லா இருக்கும். போர்வையில என்னத்தத் தட்டுவீங்களோ, தெரியல." கணவனின் அண்ணனைக் கன்னட வழக்கப்படி பாவா என்றுதான் கூப்பிடுவாள். இன்று அந்தச் சொல்லில் மரியாதை ஒரு சொட்டும் இல்லை.

தாரணி புருஷனைப் பார்த்தாள். இந்த மனுஷன் இப்போதாவது எழுந்து ஒரு வார்த்தை பேசுவான் என்று காத்திருந்தாள்.

"கட்டிக்கட்டும் விடு" என்றான் செந்தில்நாதன்.

அந்த நிமிஷம் அவளுக்குக் கொழுந்தன் மேல் இருந்த கோபமெல்லாம் இடம் மாறி நாற்காலிக்குப் போய்விட்டது. தம்பி சண்டைக்காவது வந்திருக்கிறான். இது எதற்கும் வராத ஜென்மம்.

ஒன்பது மணிக்குள் சாமான் எல்லாம் இறங்கிவிட்டது. பழனிமுத்து வாசலில் கலவை குழைத்தான். அதில் அவனுக்குக் கை உண்டு, ஒன்பது வருஷம் குழைத்திருக்கிறான். கல் வைத்ததுதான் கிடையாது. வைப்பதெல்லாம் அண்ணன் வேலை. முதல் வரிசையை நூலை ஒட்டி எப்படியோ வைத்து முடித்தான். இரண்டாவது வரிசை பாதியில் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது.

செந்தில்நாதன் கன்னடப் பேப்பரைக் கையில் வைத்திருந்தான். கண் பேப்பரில் இல்லை.

"மூணாவது கல்லு வெளிய தள்ளுது" என்றான்.

"தள்ளட்டும்."

"சாந்து கெட்டி."

"இருக்கட்டும்."

"அந்தக் கல்லுக்கு அடியில குழி இருக்குதுடா. நாளைக்கு யாராச்சும் சாஞ்சா விழுந்துரும்."

"விழுந்தா விழுகுது. நீ உக்காரு. உக்காந்து பழகியாச்சுல்ல."

இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். வயர் நாற்காலி கிறீச்சென்றது. செந்தில்நாதன் எழுந்து உள்ளே போய்ப் பையிலிருந்து ரசமட்டத்தையும் கரணையையும் எடுத்து வந்தான். தம்பி வைத்த கல்லைப் பெயர்த்தான். சாந்தைச் சுரண்டினான். புதிதாக இழைத்தான். கல்லைத் திரும்ப உட்கார வைத்து, கரணைக் காம்பால் இரண்டு தட்டுத் தட்டி, ரசமட்டத்தை மேலே வைத்துக் குனிந்து பார்த்தான்.

தாரணிக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அந்தக் கை அசைந்து எத்தனை நாளாயிற்று. அடுத்த நொடி, அந்தக் கை எதைக் கட்டுகிறது என்பது உறைத்தது. பதினாலு மாசம் பெண்டாட்டியால் எழுப்ப முடியாத மனுஷனை, வீட்டை இரண்டாக்குகிற கோணல் சுவர் எழுப்பிவிட்டது. இதைப் போய் யாரிடம் சொல்லி அழுவது?

பதினொன்றரைக்கு மூன்று வரிசை எழும்பிவிட்டது. நூல் பிடித்த மாதிரி நின்றது. அனுப்ரியா அந்தப் பக்கம் தன் கட்டிலைப் போட்டு, பித்தளைப் பாத்திரத்தை அதன் மேல் வைத்துக் காவல் உட்கார்ந்திருந்தாள். சுசித்ரா படிக்கிற மேஜை அவர்கள் பக்கம் மாட்டிக்கொண்டது. புத்தகத்தை எடுக்க அவள் சுவரைத் தாண்டிப் போய்த் தாண்டி வந்தாள். "ஏனு நாடக இது", என்ன நாடகம் இது என்று கன்னடத்தில் முணுமுணுத்துக்கொண்டு சமையல்கட்டு மூலையில் போய் உட்கார்ந்தாள்.

"சோத்துக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்றான் செந்தில்நாதன். கரணையைக் கீழே வைக்கப் போனவன், திரும்ப எடுத்தான். மூன்றாவது வரிசையின் ஓரத்தில் ஒரு கரணைச் சாந்து போட்டு, நாலாவது வரிசைக்கான முதல் கல்லை மட்டும் வைத்தான். அப்புறம்தான் கை கழுவப் போனான்.

தாரணி அந்த ஒற்றைக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒன்பது வருஷமும் அவன் வழக்கம் அதுதான். எவ்வளவு களைப்பாக இருந்தாலும், ஒரு வரிசையை முடித்துவிட்டு இறங்க மாட்டான். அடுத்த வரிசையின் ஒரு கல்லை வைத்துவிட்டுத்தான் இறங்குவான். "நாளைக்கு ஒண்ணு" என்பான். மறுநாள் சாயங்காலம் வரும்போது, அந்தக் கல் பக்கத்துக் கல்லைக் கேட்கும் என்பது அவன் கணக்கு. தொழில் பழகிய இடத்திலிருந்து வந்த பழக்கமா, அவனாகப் பிடித்துக்கொண்டதா, தாரணி கேட்டதில்லை.

பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள் மேல்வீட்டுச் சுவரிலும் அப்படி ஒரு கல் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. மறுநாள் அவள் பெரியம்மா மகள் கொள்ளேகாலிலிருந்து வருகிறாள். மாடிக்குப் போய் போட்டோ எடுப்பாள், பாதியில் நிற்கிற வீட்டில் பால் காய்ச்சினார்கள் என்று ஊர் முழுக்கச் சொல்வாள். மட்டமாக இருந்தால் பார்க்க லட்சணமாக இருக்குமே என்று தாரணி சுத்தியலை எடுத்துப்போய் அந்தக் கல்லைத் தட்டிப் பெயர்த்து, பின்பக்கம் எறிந்துவிட்டாள். ஐந்து நிமிஷ வேலை. அன்றே மறந்தும் போனாள்.

இன்றைக்கு ஞாபகம் வந்துவிட்டது.

மதியச் சாப்பாடு சுவருக்கு இரண்டு பக்கமும் தனித்தனியாக நடந்தது. தாரணி வைத்த குழம்பை அவர்கள் தொடவில்லை. அனுப்ரியா கட்டிக்கொண்டு வந்த புளியோதரையை இவர்களுக்குக் கொடுக்கவில்லை. முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கிற சுவர், எதையும் மறைக்கவில்லை. ஒருவர் மெல்லுவது மற்றவருக்குத் தெரிந்தது.

பழனிமுத்துதான் ஆரம்பித்தான். "ஒம்பது வருசம். ஞாயித்துக்கெழமைன்னா ஊர்ல அவனவன் பொண்டாட்டியக் கூட்டிட்டு எங்கியாவது போவான். நான் இங்க கல்லுச் சுமந்தன். எதுக்கு? உன் வீட்டுல வந்து பாதி கேட்டு நிக்கறக்கா?"

"அன்னிக்குப் பால் காய்ச்சினப்ப எனக்கு எப்பக் குடுத்தாங்க தெரியுமா?" என்றாள் அனுப்ரியா. "போட்டோகாரருக்குக் குடுத்த அப்புறம். தம்ளர்ல அடில கொஞ்சம், ஆடையோட. நான் மறக்கல அக்கா. நீங்க மறந்திருப்பீங்க."

தாரணி மறக்கவில்லை. பால் தீர்ந்துபோயிருந்தது. சொன்னால் நம்பவா போகிறாள்?

செந்தில்நாதன் சோற்றைப் பிசைந்துகொண்டே பேசினான். "நான் வேணும்னு உக்காரலடா முத்து. அடுத்த வாரமே கரணைய எடுத்துட்டு மேல போனன். கை போகல. எல்லாம் முடிஞ்சுபோன வீட்டுல என்ன வேலைன்னு இருந்துச்சு. மறுபடி போனன். மறுபடி அப்படித்தான். என்னமோ நோவுன்னு நெனச்சு, யாருக்கும் சொல்லாம ஆசுபத்திரிக்குப் போயி ரத்தங்கூடக் குடுத்துட்டு வந்தன். ஒண்ணுமில்லைன்னுட்டாங்க."

ஆஸ்பத்திரிக்குப் போனது தாரணிக்குத் தெரியாது. தட்டைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கல்ல நான்தான் பேத்தன்" என்றாள்.

"எந்தக் கல்ல?"

"மேல. நாளைக்கு ஒண்ணுன்னு நீங்க வெச்ச கல்லு. பால் காய்ச்சறதுக்கு மொத நாளு. பாக்க நல்லா இல்லீன்னு சுத்தியல்ல தட்டித் தூக்கிப் போட்டுட்டன்."

அனுப்ரியா சிரித்துவிட்டாள். "ஒரு கல்லுக்கா இத்தன?" பழனிமுத்து சிரிக்கவில்லை. ஒன்பது வருஷம் ஞாயிறு தோறும் அந்தக் கடைசிக் கல்லை எடுத்துக் கொடுத்தவன் அவன்.

செந்தில்நாதன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தாரணிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"அன்னிக்குச் சாயங்காலம் மேல போனன். எல்லாம் மட்டமா இருந்துச்சு. வெச்சமா இல்லையான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. அடுத்த நாளு நீ பால் காய்ச்சினே, எல்லாரும் கை தட்டினாங்க. சரி, அவ்வளவுதான்னு உக்காந்துட்டன்." தட்டு ஓரத்துச் சோற்றை விரலால் ஒரு வரிசையாக ஒதுக்கினான். "ஒம்பது வருசத்துல நான் வெச்ச எதையும் நீ தொட்டதில்ல. தொட்டது அது ஒண்ணுதான்."

"ஆமா, தொட்டன். அதுக்குப் பதினாலு மாசம் நாற்காலில உக்காருவீங்கன்னு எனக்கு யாரு சொன்னாங்க? ஆறு வருசம் ஷெட்டுல கெடந்தவளுக்கு ஒரு நாளு லட்சணமா இருக்கணும்னு தோணக்கூடாதா?"

மன்னிப்பு கேட்கத்தான் வாயைத் திறந்தாள். வந்தது இதுதான். தாரணிக்கு எப்போதும் அப்படித்தான், மன்னிப்பு கோபத்தின் வாசல் வழியாகத்தான் வெளியே வரும்.

அதோடு நிற்கவில்லை. எழுந்து போய் வாசக்கதவில் பதினாலு மாசமாகத் தொங்கிக் காய்ந்துபோன மாவிலைத் தோரணத்தை இழுத்துப் போட்டாள். சுவரில் மாட்டியிருந்த பால் காய்ச்சல் போட்டோவை ஆணியிலிருந்து கழற்றினாள். மாலையும் கழுத்துமாக அவளும் புருஷனும் பொங்குகிற பாலைப் பார்த்துச் சிரிக்கிற போட்டோ. அதை அடுப்பின் மேல் கவிழ்த்து வைத்து, அடுப்பைத் தூக்கினாள்.

"எங்கம்மா போறே?" என்றாள் சுசித்ரா.

"ஷெட்டுக்கு. இந்த வீடு முடியல. முடியாத வீட்டுல பால் காய்ச்சினது செல்லாது. நாம இன்னும் குடிவரல."

"யாரக் கேட்டு?" என்றான் செந்தில்நாதன்.

"அன்னிக்கு யாரக் கேட்டுப் பால் காய்ச்சினனோ, அவியளக் கேட்டுத்தான்."

"சாக்கும்மா. நானு ஷெட்டிகெ பரல்ல." கோபம் வந்தால் மகளுக்குத் தமிழ் போய்விடும். போதும், வர மாட்டேன் என்கிறாள். தாரணி காதில் வாங்காமல் அடுப்பையும் இரண்டு பாத்திரத்தையும் பின்மூலைத் தகர ஷெட்டில் கொண்டுபோய் இறக்கினாள். ஷெட்டில் கிழிந்த சாக்கும், காலிப் பெயின்ட் டப்பாவும், எலி வாசமும் இருந்தது.

திரும்பி வந்தபோது செந்தில்நாதன் சுவரைப் பெயர்த்துக்கொண்டிருந்தான். சாந்து இறுகுவதற்குள் மேல்வரிசைக் கற்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, சுரண்டி, மாடிப்படியில் ஏற்றிக்கொண்டிருந்தான். அவளைப் பார்க்கவில்லை. அவள் மேல் இருக்கிற கோபத்தில்தான் வேலை செய்கிறான் என்று முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. செய்யட்டும் என்று நினைத்தாள். கோபத்தில் வைத்தாலும் கல் கல்தான்.

பழனிமுத்து கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு லுங்கியை மடித்துக் கட்டி, தோளில் இரண்டு கல்லை வைத்துக்கொண்டு படியேறினான். யாரும் கூப்பிடவில்லை. உடம்புக்கு ஞாயிற்றுக்கிழமை வழக்கம் ஞாபகம் இருந்தது.

அடிவரிசை மட்டும் இறுகிப்போய் வரவில்லை. ஹாலின் குறுக்கே ஒரு கல் உயரத்துக்குக் கிடந்தது.

"ஒரு நாள் வேலை பாத்தா ஆயிடுமா?" என்று கட்டிலில் இருந்தபடியே கேட்டாள் அனுப்ரியா. "நான் இங்கிருந்து அசைய மாட்டன். மேல மோல்டு விழுகட்டும், அப்புறம் பேசலாம்."

தாரணி பின்பக்கம் புல் முளைத்துக் கிடந்த மணலைச் சலித்து மேலே கொடுக்கப் போய்விட்டாள்.

சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு பக்கச் சுவர் ஒரு வரிசை உயர்ந்துவிட்டது. மேலே நின்றால் சாமுண்டி மலை தெரிகிறது. தாரணி அதைப் பார்க்கவில்லை, சுவரைத்தான் பார்த்தாள். அண்ணனும் தம்பியும் இரண்டு மணிநேரமாகக் கல்லு, சாந்து, தண்ணி என்ற மூன்று வார்த்தைக்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. ஆனாலும் சண்டை கொஞ்சம் களைத்துப்போன மாதிரி இருந்தது. பழனிமுத்து ஒருமுறை "இந்தாங்கண்ணா" என்றுகூடச் சொல்லிவிட்டான்.

மேலே இருந்த கல் தீர்ந்தது. "கீழ மிச்சம் இருக்கும், கொண்டாறன்" என்று பழனிமுத்து இறங்கினான்.

அவன் போய்ச் சற்று நேரத்துக்கெல்லாம் கீழேயிருந்து ஒரு வாசனை வந்தது. பால் தீய்கிற வாசனை.

தாரணி படியில் ஓடி இறங்கினாள். கைப்பிடி இல்லாத படி, சுவரைத் தடவித் தடவி இறங்கினாள்.

வாசக்கதவில் புதுத் தோரணம் தொங்கியது. அவளுடைய சமையல்கட்டில், அவள் அடுப்பைத் தூக்கிய அதே இடத்தில், அனுப்ரியாவின் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் மேல் பித்தளைப் பாத்திரம். விலைச் சீட்டைக் கிழித்திருந்தாள். பால் பொங்கி நாலு பக்கமும் வழிந்துகொண்டிருந்தது. ஜன்னல் திட்டில் சாய்த்து வைத்த போனில் நஞ்சன்கூட்டுப் பிறந்தவீட்டு ஜனம் மொத்தமும் தெரிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

"என்ன காரியம் பண்ணினே?" என்றாள் தாரணி.

"நீங்க காய்ச்சினது செல்லாதுன்னு நீங்கதான சொன்னீங்க அக்கா. யாரும் குடிவராத வீடு. நான் வந்துட்டன்." அனுப்ரியா ஒரு தம்ளரில் பாலை ஊற்றினாள். தளும்பத் தளும்ப ஊற்றினாள். "மொதல்ல வீட்டுக்காரருக்கு."

தாரணி திரும்பிப் பார்த்தாள்.

பழனிமுத்து கை கால் கழுவிவிட்டு வயர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஒன்பது வருஷத்தில் அந்த வீட்டில் அவன் நாற்காலியில் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. கல் மேல் உட்காருவான், மூட்டை மேல் உட்காருவான். இப்போது காலை நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்து, தம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். முகத்தில் கோபமே இல்லை. காலையிலிருந்து கொதித்துக்கொண்டிருந்த மனுஷன் முகமே இல்லை அது.

அந்தச் சாய்வு தாரணிக்குத் தெரியும். பதினாலு மாசம் தினமும் பார்த்த சாய்வு.

"எந்திரிங்க தம்பி" என்றாள். "உங்க வீடு மேல இருக்குது. இன்னும் அது கட்டல."

"கட்டலாம் அண்ணி" என்றான் பழனிமுத்து. பாலை ஒரு வாய் குடித்தான். "என்ன அவசரம்?"

மேலேயிருந்து செந்தில்நாதனின் குரல் வந்தது. பதினாலு மாசத்துக்குப் பிறகு முதல் தடவையாக அந்தப் பழைய வார்த்தை. "முத்து. நாளைக்கு ஒண்ணு எடுத்துட்டு வா."

பழனிமுத்து அசையவில்லை. கேட்டதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

வாசல் ஓரத்தில் ஒரே ஒரு கல் மிச்சம் இருந்தது. தாரணி ஹாலில் கிடந்த அடிவரிசையைத் தாண்டிப் போய் அதைத் தூக்கினாள். அன்றைக்கு எறிந்தபோது கல் இவ்வளவு கனம் இருந்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை. இடுப்பில் அணைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள்.

செந்தில்நாதன் சுவர் ஓரத்தில் சாந்தை இழைத்து வைத்துவிட்டு, கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தான். தம்பிக்கு நீட்டிய கை. வந்தது பெண்டாட்டி என்று தெரிந்ததும் முகம் இறுகியது.

"முத்து எங்க?"

பொய் சொல்லலாம். கடைக்குப் போயிருக்கிறான் என்று சொல்லலாம், முதுகு வலிக்கிறதாம் என்று சொல்லலாம். கல் வைத்து முடிகிற வரைக்கும் தாங்கினால் போதும்.

கீழே இன்னொரு தடவை கை தட்டுகிற சத்தம் கேட்டது.

"பால் குடிச்சிட்டு இருக்கறாரு" என்றாள் தாரணி.

செந்தில்நாதன் கல்லை அவள் கையிலிருந்து வாங்கினான். சுவரைப் பார்த்தான். படியைப் பார்த்தான். கல்லைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். சுவரின் மேல் இழைத்த சாந்து இன்னும் பத்து நிமிஷம்கூட ஈரமாக இருக்காது.